சம்பந்தி வீட்டுச் சேவல்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் அத்தையைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது போளூர் வீட்டின் சமையற்கட்டில் இருந்த அத்தையை. அதற்கு முன் ஜவ்வாது மலைமேல் தன் காலில் நின்று வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவரை அறிந்த பிறந்த வீட்டு உறவினர்களில் நான் ஒருவனே மீதமிருக்கிறேன். எனவே இந்தக் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும். எழுதுவதற்கு எனக்கு இன்னொரு கடமையும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

அக்கா பிறந்தது போளூரை அடுத்த ஒரு சிற்றூரில். எங்கள் அப்பா கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தார். அக்காவுக்குப் பத்து வயது இருக்கும்போது, மலைமேல் இருந்த சிறு கோயிலைக் கவனிக்கப் பங்குச் சாமியார் அப்பாவை அனுப்பினார். குடும்பம் மலையேறியது. சுற்றிலும் சாமையும் தினையும் விதைக்கும் மலைக்குடிகள். கிறிஸ்தவ வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. மலைக்குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சிரைப்போடு அவர் படுத்தபோது, ஐந்தாம் வகுப்போடு அக்காவின் பள்ளிக்கூடம் முடிந்தது. சமையலும் தண்ணீரும் விறகும் அவர் தலையில் விழுந்தன. என்னைக் கீழே போர்டிங்கில் சேர்த்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடிக்கும்வரை விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளியாகவே இருந்தேன்.

அக்காவைப் பெங்களூரில் மில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சில ஆண்டுகளிலேயே வேறொரு குடும்பம் தேடிக்கொண்டார். அந்த மனிதரைப் பற்றி அக்கா கடைசிவரை ஒரு வார்த்தையும் தவறாகப் பேசியதில்லை என்பதால் நானும் பேசவில்லை. பெற்றோர் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் கொஞ்ச காலம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை செய்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு, எழுபதுகளின் நடுவில், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கூடையோடும் மலைக்கு வந்து சேர்ந்தார். அப்போது நான் மலைப்பள்ளியிலேயே ஆசிரியர். திருமணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

வந்த மறுநாளே மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் மூன்று கல் வைத்துத் தனியாக அடுப்பு மூட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன்.

"ஊரு இன்னா வேணா சொல்லட்டும் தம்பி. உன் பொண்டாட்டி உலையில எத்தினி ஆழாக்கு போடறான்னு நான் பாக்க வேணாம். நான் எத்தினி வாய் துன்றேன்னு அவளும் பாக்க வேணாம். ரெண்டு பேரும் சண்ட இல்லாம இருக்கலாம்" என்றார்.

அப்படியே இருந்தார்கள். அந்த அடுப்பை எரியவைத்தவை, அவர் கூடையில் கொண்டுவந்த முட்டைகள். மடத்துச் சகோதரி வளர்த்த வான்கோழிகளின் முட்டைகள் அவை. உமிக்குள் புதைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார். இரண்டு நாட்டுக்கோழிகளை அடையில் உட்காரவைத்து, அவற்றின் கீழே இந்த முட்டைகளை வைத்தார். வான்கோழி முட்டை பொரிக்க நாட்டுக்கோழி முட்டையைவிட ஒரு வாரம் கூடுதலாக ஆகும். கோழிகள் சலித்து எழுந்துவிடாமல் இருக்க, அக்கா தினமும் அவற்றைத் தூக்கி வெளியே விட்டு, தானியமும் தண்ணீரும் காட்டி, மறுபடி கொண்டுவந்து உட்காரவைத்தார். "கூமுட்டைய வெச்சினு இன்னாம்மா காவல்?" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் சாமிக்கண்ணு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேலி செய்தார். குஞ்சுகள் வெளிவந்த அன்று அவரே தன் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினார்.

வான்கோழிக் குஞ்சுக்குப் பிறந்ததும் தின்னத் தெரியாது. தீனி காலடியில் கிடக்கும். அது பட்டினியாய் நிற்கும். அக்கா அவித்த முட்டையையும் முருங்கைக்கீரையையும் பொடியாக அரிந்து தட்டில் வைத்து, விரல் நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பார். பளபளப்பான எதையும் அவை கொத்தும் என்று கண்டுகொண்டு, தண்ணீர்த் தட்டில் பச்சைக் கோலிக்குண்டுகளைப் போட்டுவைத்தார். குண்டைக் கொத்தப் போய்க் குஞ்சுகள் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொண்டன. மழை நனைத்தால் அவை தாங்காது. மேகம் திரண்டால் அக்கா கோயிலில் இருந்தாலும் பாதிப் பூசையில் எழுந்து ஓடிவிடுவார்.

வளர்ந்த சேவலின் எடையும் நகமும் பெட்டைகளின் முதுகைக் கிழித்துவிடும். அதற்காகப் பழைய கித்தான் துணியில் பெட்டைகளுக்கு முதுகுறை தைத்து, இறக்கைக்கு அடியில் நாடா கட்டினார். "கோழிக்கெல்லாம் ஜாக்கெட் தெச்சி போட்டுகிற, என் பொண்டாட்டிக்கு ஒண்ணு தெச்சி குடேன்" என்று சாமிக்கண்ணு கேட்டார். அக்கா உண்மையாகவே அவர் மனைவிக்கு ஒன்று தைத்துக் கொடுத்தார்.

ஆண்டின் வரவு முழுவதும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில்தான். போளூர்ச் சந்தையிலும், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலும், பிறகு காவலூர் வானாய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பங்களிடமும் விற்பார். நாலைந்து பெட்டைகளையும் ஒரு சேவலையும் மட்டும் அடுத்த ஆண்டு வித்துக்காக நிறுத்திக்கொள்வார். பெரிய மந்தையாக ஒருநாளும் ஆக்கவில்லை. தன் அரிசி, தன் புடவை, தன் பஸ் கட்டணம், கோயில் காணிக்கை. அதற்குப் போதும் என்பார்.

மூன்றாம் ஆண்டு போளூர்ச் சந்தையில் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு அம்மாள் வான்கோழிகளோடு உட்கார்ந்தார். படவேட்டுக்காரர், புராட்டஸ்டண்ட் பள்ளி ஆசிரியர் ஒருவரின் விதவை. முதலில் இருவருக்கும் ஆகவில்லை. அந்த அம்மாள் அக்காவின் பறவைகளை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு இன்னா காலு வளைஞ்சிகீது? அண்ணன் தங்கச்சிக்கே கட்டி வெச்சிட்டியா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்டது உண்மை. ஒரே மடத்து முட்டையில் பிறந்தவை தங்களுக்குள்ளேயே இனம் பெருகி, குஞ்சுகள் நோஞ்சானாகிக்கொண்டு வந்தன.

"அப்போ உங்க வூட்ல நல்ல மாப்பிள்ள இருந்தா குடுங்களேன்" என்றார் அக்கா.

அன்றைக்கே அவர்கள் சம்பந்திகள் ஆனார்கள். சாகும்வரை அக்கா அந்த அம்மாளைச் சம்பந்தி என்றே அழைத்தார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி இருவரும் சேவல்களை மாற்றிக்கொண்டார்கள். தட்டில் வெற்றிலையும் வெல்லமும் வைத்து, சேவலின் கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, அந்த மாற்றுச் சடங்கை நடத்துவார்கள். ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு அவரவர் சேவல் அவரவர் வீட்டுக்குத் திரும்பும், வேறொன்று போகும். சம்பந்தி வீட்டுப் பறவையை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. இதற்குச் சாட்சியோ எழுத்தோ கிடையாது. இரண்டு பெண்களின் வார்த்தைதான். அக்காவுக்கு மலையில் பேச்சுத்துணை என்று இருந்தவரும் அந்தச் சம்பந்தி ஒருவர்தான். வருடத்தில் இரண்டு மூன்று முறை அவர் மலையேறி வந்து தங்குவார். அந்த நாட்களில் கொட்டகைப் பக்கமிருந்து வரும் சிரிப்பு பள்ளிக்கூடம்வரை கேட்கும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் மூத்த மகனுக்கு அம்மாவைப் போலவே மூச்சிழுப்பு வந்தது. மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் நாளுக்கு இரண்டே முறை வரும் பஸ்ஸை நம்ப வேண்டும். சமவெளிக்கு மாற்றல் கேட்டு எழுதி எழுதிக் களைத்திருந்தேன். டிசம்பர் மாதம் பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி, எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது, முற்றத்தில் தோகை விரித்து நின்ற சேவலைப் பார்த்தார். அந்த ஆண்டு மாற்றில் வந்திருந்த சம்பந்தி வீட்டுச் சேவல் அது. வெண்கல நிறம், வெயிலில் பச்சையும் செம்பும் மின்னும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தன் மைத்துனர் குடும்பம் வருகிறது என்றும், இப்படியொன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் என் மாற்றல் மனுவைப் பற்றி விசாரித்தார். அவர் வாய்விட்டு எதையும் கேட்கவில்லை. நான்தான் புரிந்துகொண்டேன்.

அக்காவிடம் கேட்டேன். விற்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்தவர்களுக்குப் போகிறது என்றார். அப்படியானால் அந்தச் சேவல், என்றேன்.

"அது நம்முளுதா இன்னா? சம்பந்தி வூட்டுது. கேக்கறதுக்கு உனக்கே வெக்கமா இல்ல?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் அவர் பறவைகளோடு ஜோலார்பேட்டைக்குப் போனார். அங்கே இரவு தங்கித் திரும்புவது வழக்கம். என் மனைவி குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். நான் சேவலின் காலைக் கட்டினேன். உயிரோடிருக்கும்போதே அதன் வாலிலும் மார்பிலும் இருந்து கைப்பிடி இறகு பிடுங்கினேன். அது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோணியில் சுற்றிக் கூடையில் வைத்து, பஸ்ஸின் மேல் ஏற்றி, அதிகாரி வீட்டுப் பின்வாசலில் கொடுத்தேன். திரும்பி வந்து முள்வேலியின் ஓரிடத்தைப் பிரித்து, பிடுங்கிய இறகுகளை வேலியிலிருந்து உண்ணிச்செடிப் புதர்வரை தூவினேன். குள்ளநரி இழுத்துப்போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. நான் சந்தேகிக்கப்பட வேண்டியவன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. சம்பந்தியிடம் காட்டுவதற்கு ஓர் இறக்கையோ காலோ கிடைக்காதா என்று புதர் புதராகத் தேடினார். கையெல்லாம் முள் கீறியிருந்தது. சாமிக்கண்ணுவும் தேடினார். நானும் கூடப் போய்த் தேடினேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. வித்துக்கு வைத்திருந்த பெட்டைகள் எல்லாவற்றையும் அக்கா இரண்டு கூடைகளில் அடைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"என்னை நம்பி அனுப்பிச்சாங்க. வெறுங்கையோட எப்பிடிடா போறது?"

ஒரு கூடையை அவர் தூக்கிக்கொண்டார். மற்றதை நான் சுமந்தேன். படவேட்டில் சம்பந்தி தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். சம்பந்தி வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, இவ்வளவு பெரிய சேவலை நரி சத்தமில்லாமல் எப்படிக் கொண்டுபோகும் என்று மட்டும் கேட்டார். அக்கா எதையோ தேடிச் சுவரைப் பார்த்தார். அது மாதா படம் இல்லாத புராட்டஸ்டண்ட் வீடு. தன் கழுத்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாதா மேல சத்தியமா நரிதான் சம்பந்தி. நான் கண்ணால பாத்தேன் எறகு செதறிக் கெடந்ததை."

சம்பந்தி பெட்டைகளை வேண்டாம் என்றார். அக்கா கூடைகளை அங்கேயே வைத்துவிட்டு, அங்கிருந்த தன் சேவலையும் கேட்காமல் நடந்தார். நான் அவர் பின்னால் வந்தேன். அந்த ஒரு கணத்தில் வாய் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் சம்பந்தியிடம் முட்டை வாங்கி மறுபடி தொடங்கலாம் என்று அக்கா நினைத்திருந்தார். சம்பந்தி வரவில்லை. சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. கோடையில் எனக்குப் போளூருக்கு மாற்றல் ஆணை வந்தது. என் மனைவி இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தாள். ஒரு பறவையும் இல்லாத முற்றத்தில் நீ தனியாக இருந்து என்ன செய்வாய் என்று நான்தான் அக்காவிடம் கேட்டேன். அவர் தகரப் பெட்டியைக் கட்டினார். எங்களோடு இறங்கி வந்தார்.

போளூரில் எங்களுக்கு அமைந்தவை எல்லாம் முற்றமில்லாத வாடகை வீடுகள். பிறகு நான் கட்டிய வீட்டிலும் இடமில்லை. நாற்பது ஆண்டுகள் அக்கா எங்களுக்குச் சமைத்தார். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். என் மகனின் மூச்சிழுப்புக்கு இரவும் பகலும் கண்விழித்தவர் அவர்தான். என் மனைவியோடு ஒருநாளும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்குப் போகப் பஸ் கட்டணம் வேண்டுமென்றால், நான் செய்தித்தாள் படித்து முடிக்கும்வரை கதவோரம் நிற்பார். ஜோலார்பேட்டையில் பேரம் பேசி ரயில்வே துரைமாரை அடக்கியவர் அப்படி நின்றார். நான் தாளை மடிக்காமல் இருந்த நாட்களும் உண்டு.

அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, படுக்கையில் விழுந்த பின்பு, ஒரு மத்தியான வேளையில் கஞ்சி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "வெந்துதா?" என்றார்.

"இன்னாக்கா?"

"அந்த ஆபீசர் வூட்ல. கெழட்டுச் சேவலாச்சே அது. லேசுல வேகாது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கஞ்சியை ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

"நான் மாதா மேல சத்தியம் பண்ணேன்டா. பொய்ச் சத்தியம் பண்ண வெச்சிட்டியே. போய் சம்பந்திகிட்ட சொல்லிட்டு வா. உசுரோட இருக்காங்களோ இல்லியோ, போய்ப் பாரு."

போகிறேன் என்றேன். முழங்கால் வலி என்றேன், மழை என்றேன், மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய நாள் என்றேன். "போனியா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார். பிறகு பேச்சு குறைந்தது. அப்போதும் நான் அறைக்குள் நுழைந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நற்கருணை வாங்கி, அமைதியாக, என் மகள் கையைப் பிடித்துக்கொண்டே கண்மூடினார்.

அடக்கம் முடிந்த மாதத்தில் படவேட்டுக்குப் போனேன். சம்பந்தி இருந்தார். பார்வை மங்கியிருந்தது; நினைவு மங்கவில்லை. யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். அக்காவின் மறைவைச் சொன்னேன். பிறகு சேவலைப் பற்றிச் சொன்னேன். அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"நரின்னு நான் அன்னிக்கே நம்பல. உங்க அக்காதான் கிறிஸ்துமஸ் வெலைக்கு வித்துட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு சேவலுக்கு யாராச்சும் அத்தினி பெட்டையும் குடுப்பாங்களா? மனசு குத்துது, அதான் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். மாதா மேல கூசாம பொய் சொல்றாங்களேன்னு, அதுக்கப்பறம் அவங்க மொகத்துல முழிக்க எனக்கு இஷ்டமில்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார். பிறகு, "அவங்க இருக்கும்போது வந்திருந்தா நான் வந்து பாத்திருப்பேனே வாத்தியாரே. வண்டி வெச்சினு வந்திருப்பேனே" என்றார். எனக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வாரந்தோறும் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், இரவுகளில் மாறி மாறிக் காவலிருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த சாமிக்கண்ணுவின் மகன்களுக்கும் எங்கள் வணக்கம். அடக்கப் பூசையின் மறையுரையில், கைவிடப்பட்ட சகோதரியை வாழ்நாள் முழுதும் காப்பாற்றிய தம்பி என்று என்னைக் குறிப்பிட்டார்கள். பலர் என் கையைப் பிடித்து அதையே சொன்னீர்கள். அந்தச் சொல்லை நான் திருப்பித் தருகிறேன். நான் காப்பாற்றவில்லை; அவருக்கு என்னைத் தவிர வேறு இடமில்லாமல் செய்தேன்.

எனக்காக நீங்கள் செபிப்பது உங்கள் விருப்பம். அக்காவைப் பற்றி மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். படவேட்டிலும் ஜோலார்பேட்டையிலும் அவரை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். தன்னை நம்பி வந்த பறவையை எங்கள் அக்கா விற்கவில்லை. தான் கண்ட இறகுகளை நம்பித்தான் சத்தியம் செய்தார். இறைவன் அவருக்கு நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக.